பேர், துண்டு, கிருபை

ரயில் பாதை நாவலப்பிட்டிக்கு வந்து சேர்ந்தது 1874இல். அதற்கு மேல் மலை செங்குத்தாக எழுந்து நின்றதால், அட்டன் வரை பாதை போட இன்னும் பத்தாண்டு பிடித்தது. அந்தப் பத்தாண்டுகளும் மேலேயுள்ள தோட்டங்களுக்கு வாசல் இந்த ஊர்தான். கீழேயிருந்து அரிசியும் ஆட்களும் வந்து இறங்க, மேலேயிருந்து கோப்பி மூட்டைகள் வண்டி ஏறின. கோப்பியை இலைநோய் தின்றுமுடித்ததும் அதே மண்ணில் தேயிலை வந்தது. இந்த மலைகளில் ஏறி இறங்கியவர்களில் இன்னொரு வகையாரும் உண்டு: திருநெல்வேலிப் பேச்சும் கையில் தமிழ் வேதாகமமுமாகத் தோட்டம் தோட்டமாக நடந்த உபதேசியார்கள்.

அவர்களை அனுப்பிய அமைப்புக்குப் பெயர் தமிழ்க் கூலி மிஷன். சி.எம்.எஸ். என்ற சர்ச் மிஷனரி சங்கத்தின் கீழ், கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு 1854இல் தொடங்கியது. இப்படியொரு ஊழியம் வேண்டும் என்று தூண்டியவர்களும் அதற்குச் சந்தா கொடுத்தவர்களும் தோட்டத் துரைமார். உபதேசியார்களைத் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து அழைத்தார்கள். ஆரம்ப காலத்தில் மேற்பார்வை செய்த செப்டிமஸ் ஹொப்ஸ் பாதிரியாரும் திருநெல்வேலியில் ஊழியம் செய்து தமிழ் பழகியவர்தான். ‘கூலி’ என்ற சொல்லை மிஷனின் பெயரிலேயே பொறித்துக்கொள்ள, பெயர் வைத்தவர்களுக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

சி.எம்.எஸ். பிரசங்கத்தின் உயிர்நாடி ஒன்றுதான். மனிதன் தன் கிரியைகளால் இரட்சிக்கப்படுவதில்லை. கிருபையினால், விசுவாசத்தின் வழியாக, இலவசமாக இரட்சிக்கப்படுகிறான். இதைக் கேட்க உட்கார்ந்தவர்கள் யார் என்று பார்த்தால்தான் இந்தப் போதனையின் விசித்திரம் புரியும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, மலைக்குப் போய், கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால்தான் செக்ரோல் என்ற பேரேட்டில் அவர்களுக்கு அன்றைய ‘பேர்’ விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். செய்த வேலையைத் தவிர வேறெதாலும் எடைபோடப்படாத மனிதர்களிடம், வேலையினால் எதுவும் ஆகாது என்று ஒருவர் சொல்கிறார்!

கிருபையா கிரியையா என்ற இந்த வழக்கு கிறிஸ்தவத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ரோமருக்கு எழுதிய பவுல், நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலேயே மனிதன் நீதிமானாவதாக வாதாடினார். யாக்கோபின் நிருபமோ கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று அடித்துச் சொன்னது. மார்ட்டின் லூத்தர் பவுலைப் பிடித்துக்கொண்டு, யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று தள்ளிப் பேசினார். 1547இல் திரெந்துச் சங்கம் கத்தோலிக்கத் தரப்பை வகுத்தது: முதல் அடி கிருபையுடையதே, ஆனால் மனிதன் அதற்கு ஒத்துழைக்க வேண்டும், நற்செயல்களால் அந்த நீதி வளரும். கால்வினியர்களின் 1563ஆம் ஆண்டு ஹைடல்பெர்க் வினாவிடையும் நற்செயலை ஒதுக்கிவிடவில்லை. அதை இரட்சிப்புக்கான விலையாக அல்லாமல் நன்றிக்கடனாக வைத்தது. தமிழும் இந்தச் சண்டையில் மாட்டிக்கொண்டது. தரங்கம்பாடி லூத்தரன்களுக்கு எதிராக வீரமாமுனிவர் 1728இல் எழுதிய ‘வேதவிளக்கம்’ அதற்குச் சாட்சி.

ஏட்டில் இப்படி. இலங்கையில் நடந்தது வேறு மாதிரி.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கால்வினியர்கள், விசுவாசம் மட்டுமே என்ற கட்சி. அவர்கள் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் துரத்தப்பட்டனர். ஞானஸ்நானம் பெற்றவர் பெயர் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறும். தோம்பில் பெயர் ஏறினால் திருமணம் செல்லும், சொத்துரிமை உறுதியாகும், அரசாங்க உத்தியோகம் கிட்டும். இலவசக் கிருபையைப் போதித்த சபை, தன் ஆட்சியில் ஞானஸ்நானத்தை ஒரு நிர்வாகச் சடங்காக்கிவிட்டது. 1796இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் தளர்ந்ததும், தோம்புக் கிறிஸ்தவர்களில் பெருந்தொகையினர் தங்கள் பழைய கோயில்களுக்கும் விகாரைகளுக்கும் திரும்பியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்த ஒல்லாந்தரின் கண்ணில் மண்ணைத் தூவி, 1687இல் தூத்துக்குடி வழியாக யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார் ஒரு கோவாக் குருவானவர். சூசை வாஸ் முனிவர். கூலியாள் வேடம் போட்டுத்தான் வந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் போனபோது ஒற்றன் என்று குற்றம் சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். அப்படிச் சாட்டியவர் அரண்மனையில் இருந்த ஒரு பிரெஞ்சுக் கால்வினியர் என்பது இந்தக் கதைக்குப் பொருத்தமான தற்செயல். மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தன். வாஸை மெல்ல மெல்ல நம்பத் தொடங்கியவனும் அவன்தான்.

1697இல் கண்டியில் அம்மை பரவியது. அரசன் தலைநகரை விட்டு அகன்றான், வசதியுள்ளவர்களும் வெளியேறினார்கள். நோய் கண்டவர்களைச் சொந்த உறவினரே காட்டோரத்தில் விட்டுவிட்டு ஓடினார்கள். வாஸும் அவருடைய மருமகனான சூசை கர்வாலோ என்ற குருவும் நகரத்திலேயே தங்கினார்கள். குடிசை போட்டு நோயாளிகளைச் சேர்த்தார்கள், புண் கழுவினார்கள், கஞ்சி ஊட்டினார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். நோயாளி எந்த மதம் என்று கேட்கவில்லை. நகரத்துக்குத் திரும்பிய அரசன், தன் நாட்டில் எங்கும் போய்ப் போதிக்க அவருக்கு இடம் கொடுத்தான்.

நற்செயலால் புண்ணியக் கணக்கு ஏற்றுகிறவர்கள் என்பது கத்தோலிக்கர்மீது புரட்டஸ்தாந்தர் வைத்த பழைய குற்றச்சாட்டு. வாஸின் அம்மைக் குடிசைகளில் அந்தக் கணக்குக்கு ஆதாரம் தேடினால் கிடைப்பது கடினம். 1711 ஜனவரி 16இல் அவர் கண்டியிலேயே காலமானார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

தோட்டத்துக்குத் திரும்பலாம். பேரேட்டில் விழும் ‘பேர்’ ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கடன். தென் தமிழ்நாட்டுக் கிராமத்தில் கங்காணி முன்பணம் கொடுத்து ஆளைக் கூட்டிவருவார். ஆரம்பத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடை. வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் ஏராளம். தப்பித் தோட்டம் வந்து சேர்ந்தவரின் பெயரில் பயணச் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடனாக ஏறியிருக்கும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கங்காணியின் கையில் ‘துண்டு’ வேண்டும். இவர்களுக்கு இவ்வளவு கடன், இதைக் கட்டுகிற துரை கூட்டிப்போகலாம் என்று சொல்லும் சீட்டு அது. தொழிலாளியின் கடன் அவரோடு கைமாறிக்கொண்டே இருந்தது, தீரவில்லை. அந்த முறையை 1921இல்தான் சட்டம் ஒழித்தது.

ஒருவர் உன் கடனைத் தீர்த்துவிட்டார், நீ விடுதலையானவன் என்ற செய்தி கிறிஸ்தவப் போதனையின் மையத்தில் இருக்கிறது. மலைநாட்டு லயங்களைவிட இந்த உவமை சுருக்கென்று தைக்கக்கூடிய இடம் உலகத்தில் அதிகம் இருந்திருக்காது. அதே இடத்தில்தான் இது வெறும் உவமையாகவும் நின்றுபோகக்கூடும். உபதேசியாரின் சம்பளத்துக்குச் சந்தா கொடுத்த துரை, ஆத்துமக் கடன் தீர்வதில் மகிழ்ந்தார். துண்டில் எழுதிய கடனை மாதா மாதம் பிடித்தார். துரைமாரில் மெய்யான பக்தர்கள் இருந்தார்கள், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மனந்திரும்பியவன் சாராயத்தை விடுவான், வேலைக்கு ஒழுங்காக வருவான், சொன்னதைக் கேட்பான் என்ற நம்பிக்கையும் சந்தாவுக்குப் பின்னால் இருந்தது. யாக்கோபு கேட்ட கிரியை பசித்தவனுக்குச் சோறு, குளிர்ந்தவனுக்குத் துணி. கூலியைப் பிடித்துவைத்த பணக்காரரை அதே நிருபம் கடுமையாகச் சாடுகிறது. அந்தப் பகுதியைத் தோட்டத்துப் பிரசங்கங்களில் எத்தனை பேர் துணிந்து எடுத்திருப்பார்கள் என்ற சந்தேகம் நியாயமானதே.

உபதேசியாரைக் குறைத்துப் பேசுவதும் தப்பு. எழுத்து மறுக்கப்பட்ட லயங்களில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அவர் போதித்த கோட்பாட்டின்படி அது இரட்சிப்புக்குக் கணக்கில் வராத வேலை. இன்று அவரை நினைக்கிறவர்களுக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

நூறாண்டு கழித்துக் கேள்வி வேறு உருவில் வந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. அதையடுத்து நாவலப்பிட்டி ரயிலேறித் தலைமன்னார் போன குடும்பங்களை இன்றைய கிழவர்கள் பலரும் கண்ணால் பார்த்தவர்கள். அந்தக் காலத்தில், 1972இல், யேசு சபைக் குரு போல் கஸ்பேர்ஸ் கண்டியில் ‘சத்யோதய’ நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக இருந்து வேலை செய்யும் இடமாக அதை அமைத்து, தோட்டத் தொழிலாளரின் நிலையை நாட்டுக்கும் வெளியுலகுக்கும் எடுத்துச் சொன்னார். அவருக்கு நற்கிரியை என்பது தருமம் கொடுப்பதோடு முடியவில்லை; கூலியும் குடியுரிமையும் அதில் அடங்கின. சபைக்குள்ளேயே, இது அரசியல், ஆன்மிகம் அல்ல என்று இத்தகைய வேலையைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் உண்டு.

ஐரோப்பாவில் வழக்குச் சமரசத்துக்கு வந்தது 1999 அக்டோபர் 31இல். கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் ஆக்ஸ்பூர்க் நகரில் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன: ஏற்றுக்கொள்ளப்படுவது கிருபையினாலேயே, நற்செயல் அதன் கனி. 2006இல் மெதடிஸ்தரும் 2017இல் கால்வின் வழிச் சபைகளும் சேர்ந்துகொண்டார்கள். இலங்கையிலோ நாலே ஆண்டில் அதே கேள்வி நீதிமன்றம் ஏறியது. மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டப்படி பதிவுசெய்ய ஒரு சட்டமூலம் வந்தது. மதத்தைப் பரப்புவதும் பொருளுதவி செய்வதும் ஒரே கையில் இருந்தால், உதவி பெறும் வறியவரின் மனச்சாட்சிச் சுதந்திரம் பாதிக்கப்படலாம் என்று 2003இல் உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரண் என்றது. அந்த அளவுகோலை வைத்தால் 1697இல் வாஸ் போட்ட குடிசைகளும் தேறியிரா.

நீதிமன்றத்தின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது அல்ல. தோம்புக் காலத்தின் நினைவு இந்த நாட்டில் ஆழமானது. அடுத்த ஆண்டே ஜாதிக ஹெல உறுமய என்ற கட்சி கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தை நாடாளுமன்றத்தில் வைத்தது. கன்னியர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். 2005 அக்டோபரில் குழு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது: தன் விசுவாசத்தை அறிவிப்பதும் பிறருக்கு உதவுவதும் பல மதங்களுக்கு அடிப்படைக் கொள்கை, இவற்றுக்குத் தடை போடப் போதிய காரணத்தை அரசு காட்டவில்லை.