கெட்டிக்காரப் பிள்ளை ஏன் பின்தங்குகிறான்?



“பையன் கெட்டிக்காரன்தான், ஆனால் கவனம் இல்லை” என்று ஆசிரியர் சொல்வதைப் பெற்றோர் பலர் கேட்டிருப்பீர்கள். வாயால் கேட்டால் பட்டென்று பதில் சொல்கிறான். பழுதான சைக்கிளைப் பிரித்து மறுபடியும் பூட்டிவிடுகிறான். ஆனால், கரும்பலகையில் உள்ளதை எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. சோதனைத் தாளில் பாதிக் கேள்விகள் தொடப்படாமலே கிடக்கின்றன. இப்படிப்பட்ட பிள்ளைக்கு நம்மிடையே வழங்கும் பெயர் ‘சோம்பேறி’. சில வீடுகளில் அந்தப் பெயரோடு பிரம்படியும் கிடைக்கிறது. இந்தப் பிள்ளையை மருத்துவ உலகம் எப்படிப் புரிந்துகொண்டது என்பது இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

1798-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரைட்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் மனநோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் கவனத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். சிலருக்கு நாய் குரைத்தாலும், கதவு சாத்தப்பட்டாலும், யாரோ மேசையை நகர்த்தினாலும் மனம் அங்கே ஓடிவிடுகிறது என்று அவர் எழுதினார். இது பிறவியிலேயே அமையலாம், பாடம் படிக்கும் வயதில் வெளிப்படும், வயது ஏற ஏறக் குறையவும் கூடும் என்றும் குறித்தார். பிள்ளையின் மேல் குற்றம் சாட்டாமல், கவனத்தையே ஆராய வேண்டிய ஒரு பொருளாக அவர் எடுத்துக்கொண்டது பெரிய காரியம்.

அடுத்து ஜெர்மனிக்குச் செல்வோம். பிராங்பர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிக் ஹாப்மன் தம் மகனுக்காக எழுதிய படக்கதைப் பாட்டுகள் 1845-இல் நூலாக வெளிவந்தன. அந்நூலின் பிந்தைய பதிப்புகளில் சேர்க்கப்பட்ட பிலிப் என்ற சிறுவன் சாப்பாட்டு மேசையில் நாற்காலியை ஆட்டி ஆட்டி, கடைசியில் மேசை விரிப்போடு உணவையும் இழுத்துக்கொண்டு விழுகிறான். அவ்வாறே பின்னர் சேர்க்கப்பட்ட இன்னொரு சிறுவன் ஹான்ஸ். அவன் துள்ளிக் குதிப்பவன் அல்லன். வானத்தைப் பார்த்தபடியே நடந்து போய் ஆற்றில் விழுந்துவிடுகிறான். ஒருவனுக்கு உடம்பு ஓயவில்லை, மற்றவனுக்கு மனம் நிற்கவில்லை. இந்த இருவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்கள் பெரும்பாலும் பிலிப்பையே பார்த்தார்கள், ஹான்ஸை மறந்துவிட்டார்கள்.

1902-இல் லண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அவர் கண்ட ஆறு வயதுச் சிறுவன் ஒருவனால் விளையாட்டில்கூடச் சற்று நேரத்துக்கு மேல் கவனம் வைக்க முடியவில்லை. பள்ளியில் பின்தங்கினான். ஆனால் பேசிப் பார்த்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே அறிவுள்ளவனாக இருந்தான். அறிவு வேறு, கவனம் வேறு என்பதை இந்த மருத்துவர் தெளிவாகக் கண்டார். ஆயினும், அவர் இதற்கு வைத்த பெயர் ‘ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை’ என்ற பொருளுடையது. பெயரிலேயே பழி ஏறிவிட்டது. பின்னர் 1917 முதல் மூளைக் காய்ச்சல் ஒன்று உலகெங்கும் பரவியது. அதிலிருந்து பிழைத்த பிள்ளைகள் பலர் அமைதியற்றவர்களாக மாறினார்கள். அதனால், அமைதியற்ற பிள்ளை எவனாயினும் அவன் மூளையில் காயம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது.

1937-இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில், பிள்ளைகளுக்கான ஒரு மருத்துவமனையில் சார்ல்ஸ் பிராட்லி பணியாற்றினார். முதுகுத்தண்டு நீரை எடுத்துச் செய்யும் ஒரு பரிசோதனைக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கடுமையான தலைவலி வந்தது. அதைத் தணிக்கலாம் என்று எண்ணி, பென்செட்ரின் என்னும் ஊக்க மருந்தைக் கொடுத்தார். தலைவலி அவ்வளவாகக் குறையவில்லை. ஆனால், மருந்து உட்கொண்ட 30 பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேரின் பள்ளிப் பாடம் வியக்கத்தக்க வகையில் முன்னேறியது. பிள்ளைகளே அதற்குக் ‘கணக்கு மாத்திரை’ என்று பெயர் வைத்தார்கள்! வெறும் சோம்பல் என்று எண்ணியிருந்ததற்கு மூளையின் வேலைமுறையில் காரணம் இருக்கக்கூடும் என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

இருந்தும், 1968-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதனை ‘மிகை இயக்கம்’ என்றே குறித்தது. துள்ளும் கால்கள்தாம் இன்னமும் கண்ணுக்குத் தெரிந்தன. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வர்ஜீனியா டக்ளஸ் என்ற உளவியல் அறிஞர் 1972-இல் வெளியிட்ட கட்டுரை, பிள்ளையின் முக்கியத் தொல்லை கவனத்தை நிலைநிறுத்துவதிலும் தன்னை அடக்கிக்கொள்வதிலும் உள்ளது என்று எடுத்துக்காட்டியது. 1980-இல் கையேடும் பெயரை மாற்றியது. துள்ளாத பிள்ளைக்கும் கவனக்குறைபாடு இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. ஹான்ஸுக்கு அப்போதுதான் மருத்துவத்தில் இடம் கிடைத்தது. சத்தமின்றி வகுப்பின் ஓரத்தில் அமர்ந்து கனவு காணும் பெண் பிள்ளைகள் பலரும் இந்த வகையினரே. 1987-இல் ‘கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு’ என்ற பெயர் வந்தது. ஆங்கில எழுத்துகளைக் கொண்டு இதனை ‘ஏ.டி.எச்.டி.’ என்கிறார்கள்.

சரி, கெட்டிக்காரப் பிள்ளை ஏன் மெதுவாக எழுதுகிறான்? இதற்கு விடை வேறொரு வரலாற்றில் இருக்கிறது. நியூயார்க்கில் டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் ஓர் அறிவுத்திறன் சோதனையை வெளியிட்டார். அதன் ஒரு பகுதியில் ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய குறியைப் பார்த்துப் பார்த்து, குறித்த நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். இதற்குப் பெரிய அறிவு தேவையில்லை, விரைவும் விடாத கவனமும் வேண்டும். பல ஆண்டுகளாக எல்லாப் பகுதிகளின் மதிப்பெண்களையும் கூட்டி, பெரும்பாலும் அந்த மொத்தத்தையே பார்த்தார்கள். 1991-இல் வந்த சிறுவர் பதிப்பில்தான் வேகத்துக்கெனத் தனி அளவு அமைந்தது. பிரித்துப் பார்த்தபோது, இக்குறைபாடு உடையவர்கள் பலருக்குச் சிந்தனைத் திறன் உயர்ந்தும், வேகமும் செயல்நினைவும் தாழ்ந்தும் இருப்பது தெரிந்தது. செயல்நினைவு என்பது, கேட்டதை மனத்தில் பிடித்துக்கொண்டே வேலை செய்யும் ஆற்றல்.

பால்மரத்தை எண்ணிப் பாருங்கள். மரத்துக்குள் பால் நிறைய இருக்கும். வெட்டுக்கோட்டில் பால் உறைந்து அடைத்துக்கொண்டால் மங்கில் விழுவது கொஞ்சம்தான். மங்கை மட்டும் பார்த்து மரத்தை வறண்ட மரம் என்று முடிவு கட்டலாமா? விரைவுச் சோதனைகள் இன்னொன்றையும் காட்டின. இவர்கள் எப்போதும் மெதுவானவர்கள் அல்லர். பெரும்பாலான பதில்கள் மற்றவர்களைப் போலவே விரைவாக வருகின்றன. இடையிடையே கவனம் நழுவும்போது சில பதில்கள் மிகவும் தாமதமாகின்றன. “நேற்றுச் செய்தானே, இன்று ஏன் செய்யவில்லை?” என்று நாம் கோபப்படுவது இதனால்தான்.

அறிவுக்கூர்மை இக்குறையைச் சில காலம் மறைத்தும் விடும். தொடக்கப்பள்ளியில் ஒரு முறை கேட்டதை வைத்தே தேறிவிடுவான். இடைநிலைப் பள்ளியில் பாடம் பெருகி, எழுத்து வேலை கூடும்போது சரிந்துவிடுவான். 2009-இல் அமெரிக்காவில் தாமஸ் பிரவுனும் உடன் ஆய்வாளர்களும், அறிவுத்திறன் ஈவு 120-க்குக் குறையாத 157 பெரியவர்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டார்கள். நூற்றில் ஒன்பது பேர் அளவில் மட்டுமே எட்டும் நிலை அது. எல்லாரும் ஏ.டி.எச்.டி. உடையவர்கள். அவர்களில் நூற்றுக்கு 73 பேர், எட்டு அளவீடுகளில் ஐந்திலோ அதற்கு மேலோ குறிப்பிடத்தக்க பாதிப்புக் காட்டினார்கள். கெட்டிக்காரன் என்பதால் இக்குறை இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பெற்றோர்களே, மெதுவாக எழுதும் பிள்ளைகள் எல்லாருக்கும் இக்குறை உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். கண்பார்வை, காது, இரத்தசோகை, தூக்கக் குறைவு ஆகியவற்றை முதலில் கவனிக்க வேண்டும். ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர் முடிவு செய்ய, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றி, ஆறு மாதங்களாவது நீடித்து, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும், அரசாங்க மருத்துவமனையின் குழந்தை மருத்துவரிடமும் தயங்காமல் கேளுங்கள். மருந்து வேண்டுமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்லுங்கள். பாடத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுங்கள். சோதனையில் கூடுதல் நேரம் கிடைக்குமா என்று பள்ளியில் விசாரியுங்கள்.

‘ஒழுக்கக் குறை’ என்றார்கள், ‘மூளைக் காயம்’ என்றார்கள், ‘மிகை இயக்கம்’ என்றார்கள். மருத்துவர்கள் தாங்கள் வைத்த பெயரை மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டார்கள். ‘சோம்பேறி’ என்று நாம் வைத்த பெயரை நாம்தான் திருத்த வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டே வளரும் பிள்ளை, ஒருநாள் அதை உண்மையென்று நம்பி, படிப்பை விட்டுவிடுவான். அவ்வாறு இழக்கும் அளவுக்கு நம் குடும்பங்களில் எந்தப் பிள்ளையும் மிகுதியாக இல்லை.