கணக்கில் வராத வீடுகள்

வருமான ஏற்றத்தாழ்வை அளக்க ஜினிக் குணகம் பயன்படுகிறது. அனைவரும் சம வருமானம் பெற்றால் அது 0. முழு வருமானமும் ஒருவரையே சென்றடைந்தால் 1. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான செலவின ஆய்வு 2016ஆம் ஆண்டில் இலங்கைக்கு இதனை 0.45 எனக் கணித்தது.

ஆயினும், ஆய்வில் இடம்பெறாதோரை எந்தச் சூத்திரமும் அறியாது. யுத்தச் சூழலின் விளைவாக 2002ஆம் ஆண்டு ஆய்வில் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் சேர்க்கப்படவில்லை. 2009/10இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் விடுபட்டன. 2012/13இல் 25 மாவட்டங்களும் உள்ளடக்கப்பட்டன. எனவே இவ்வாண்டுகளின் பெறுமானங்களை அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது.

செல்வந்தர் வருமானத்தைக் குறைத்துக் கூறும்போதும் ஏற்றத்தாழ்வு குறைவாகவே தென்படும். விடுபட்ட பகுதிகளைச் சுட்டிக்காட்டி, வரிப் பதிவுகளுடனும் ஒப்புநோக்கியே இப்புள்ளிவிபரங்கள் வெளியிடப்பட வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.