வரக்கோப்பியின் சரித்திரம்

தோட்டத்து லயத்தில் விருந்தினர் ஒருவர் வந்து வாசலில் அமர்ந்துவிட்டால், வீட்டுத் தாய்க்கு முதலில் நினைவு வருவது பாலே. டின் பால் இருக்கிறதா என்று பார்ப்பாள். இல்லையெனில், சிறுவனைப் பின்வாசல் வழியாய் அடுத்த வீட்டுக்கு அனுப்புவாள். அங்கும் இல்லையெனில், கடைக்காரரிடம் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லி ஒரு டின் வாங்கி வரச் செய்வாள். பாலில்லாத காப்பியை வந்தவர் முன் வைப்பது குடும்பத்துக்கே இழுக்கு என்னும் எண்ணம் நம்மவர் மனத்தில் அவ்வளவு ஆழமாய் வேரூன்றியிருக்கிறது. பட்டணத்திலும் இதே நிலைமைதான். "வரக்கோப்பிதான் இருக்கிறது" என்று சொல்லும்போது குரல் தானே தாழ்ந்துவிடுகிறது.

இவ்வெட்கம் எங்கிருந்து வந்தது? பால் சேராத காப்பி குறைபட்ட காப்பிதானா? இவ்வினாக்களுக்கு விடை தேடிச் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போமானால், நாம் இழிவென்று எண்ணி வந்த பானமே காப்பியின் மூத்த வடிவம் என்பதும், அதனுள் ஒரு பூவின் மணம் மறைந்து கிடக்கிறதென்பதும் விளங்கும்.

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அதன் கொட்டையைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் 15ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு சூஃபி அடியார்களிடையே பரவியது. இரவு முழுவதும் உறங்காது இறைவனைத் தியானிப்பதற்கு அவர்கள் இதனைத் துணைக்கொண்டனர். 1511ஆம் ஆண்டில் மெக்கா நகரின் அதிகாரி இப்பானத்தைத் தடை செய்தார். ஆயினும் அத்தடை நெடுநாள் நிலைக்கவில்லை. அந்நாளைய காப்பியில் பாலுக்கு இடமிருக்கவில்லை. இன்றும் அரபு நாட்டார் காப்பியில் ஏலக்காய் சேர்க்கின்றனர். ஏமன் மக்கள் காப்பிப் பழத்தின் உலர்ந்த மேற்றோலை இஞ்சியுடன் காய்ச்சிப் பருகுகின்றனர். லெபனான் நாட்டிலோ, ஆரஞ்சுப் பூவிலிருந்து வடித்த நீரை வெந்நீரில் கலந்து, அதனை 'வெள்ளைக் காப்பி' என்றே அழைக்கின்றனர். அதில் பாலும் இல்லை, காப்பியும் இல்லை. பூவின் மணம் ஒன்றே உண்டு. நமது ஈப்போ நகரின் வெள்ளைக் காப்பி வேறு, இது வேறு. பால் கலக்கும் வழக்கம், காப்பி 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்த பிறகே பெருகியது.

நம்மவருக்கும் காப்பிக்கும் உள்ள தொடர்பு, குடித்ததனால் ஏற்பட்டதன்று, உழைத்ததனால் ஏற்பட்டது. பாபா புடன் என்னும் முஸ்லிம் பெரியார் ஏமனிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து, மைசூர் நாட்டுச் சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழிச் செய்தி. ஆனால் தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாய்க் காப்பிக் காட்டுக்குள் புகுந்தது இலங்கையிலேதான். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டி மலைநாட்டில் வெள்ளைக்காரத் துரைமார் காப்பித் தோட்டங்களைத் திறந்தனர். தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய நம்மக்கள், அங்கிருந்து மாத்தளை வரையில் காட்டு வழியே நடந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். தப்பிச் சென்றோர் பழம் பறித்தனர், கொட்டை உலர்த்தினர், கப்பலேற்றினர். அக்காப்பி லண்டன் சந்தைக்குப் போயிற்று. பறித்தவன் தன் வாயில் அதனை வைத்துச் சுவைத்தானா என்று கேட்பவர் அக்காலத்தில் எவருமிலர்.

1869ஆம் ஆண்டில் இலங்கைக் காப்பிச் செடிகளின் இலைகளில் செம்மஞ்சள் நிறத் துரு கண்டது. அது ஒருவகைப் பூஞ்சண நோய். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் அந்நாட்டுக் காப்பித் தொழிலை அது அழித்தது. துரைமாரிற் பலர் தேயிலைக்கு மாறினர். சிலர் மலாயாவுக்கு வந்தனர். இங்கே தாழ்நிலத்தின் வெப்பத்தைத் தாங்கும் 'லைபீரிக்கா' என்னும் வேறு இனத்துக் காப்பியைப் பயிரிட்டனர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இம்மரம் உயரமானது, இலை அகன்றது, பழம் பெரிது. சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பேரா ஆகிய பகுதிகளின் காப்பித் தோட்டங்களில் தமிழர் உழைத்தனர்.

ஜொகூரின் கதை சிறிது வேறானது. 1862 முதல் 1895 வரை இந்நாட்டை ஆண்ட அபு பக்கார் அவர்கள் காலத்தில், மிளகும் கம்பீரும் பயிரான நிலங்களுக்கிடையே காப்பியும் இடம் பெற்றது. பத்து பகாட், மூவார்ப் பகுதிகளில் ஜாவாக்காரரும் சீனரும் சிறு சிறு நிலங்களில் அதனை வளர்த்தனர். 1890களின் பிற்பகுதியில் பிரேசில் நாட்டின் மிகு விளைச்சலால் உலகெங்கும் காப்பி விலை வீழ்ந்தது. பெருந்தோட்டங்கள் காப்பியைக் கைவிட்டு ரப்பரை நட்டன. சிறு நிலக்காரரோ காப்பியை முற்றும் விட்டுவிடவில்லை. ஆகையால்தான் இன்றும் பத்து பகாட், குளுவாங், பொந்தியான் வட்டாரங்களில் லைபீரிக்கா மரங்கள் நிற்கின்றன.

தமிழர் ஜொகூருக்குப் பெருந்தொகையினராய் வந்தது இந்த ரப்பரோடுதான். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை அதன் பின்னும் தொடர்ந்தது. உதவிப் பணம் பெற்றுத் தொழிலாளர் மலாயா செல்வதை இந்திய அரசாங்கம் 1938இல் தடுத்து நிறுத்தியது. அவ்வாண்டிலேயே குளுவாங் ரயில் நிலையத்தில் ஒரு காப்பிக்கடை தோன்றிப் பின்னர் நாடெங்கும் பெயர் பெற்றது. ரயிலில் போவோர் அங்கே இறங்கிச் சுவைத்த காப்பிக்கும், இருள் பிரியாத வேளையில் பெரட்டுக்குப் போகுமுன் தொழிலாளி லயத்தில் குடித்த காப்பிக்கும் மேலுக்குப் பேதமிருக்கலாம், இரண்டும் கருமையானவையே. சீனர் கடையில் அதற்குக் 'கோப்பி ஓ' என்று பெயர். லயத்தில் 'வரக்கோப்பி' என்று பெயர்.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். நம் தோட்டத்து மொழியில் ரப்பர் மரத்தில் வடிவதும் பால். மாடு தருவதும் பால். விடியற்காலை முதல் 'பால்' வெட்டி, வாளி வாளியாய்ச் சுமந்து, நிறுத்துக் கொடுத்தவனின் வீட்டில், காப்பிக்கு ஊற்றப் பால் இல்லை! அது அவன் குற்றமா? கூலி குறைவு, மாட்டுப் பால் அருமை, டின் பாலுக்கோ விலை. இல்லாமையால் குடித்ததை இழிவென்று கருதுமாறு யார் நமக்குக் கற்பித்தது?

அதற்கு விடை தாய்நாட்டில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு நகரங்களில் காப்பி குடிப்பது நடுத்தர வகுப்பாரின் நாகரிகச் சின்னமாயிற்று. அப்போதே கறந்த பசும்பாலில் கலந்த காப்பி உயர்ந்தது. தண்ணீர் சேர்ந்த பால் தாழ்ந்தது. பாலே இல்லாதது ஏழையுடையது என்று படிகள் வகுத்தனர். காப்பி கிளப்புகளில் சாதியும் புகுந்தது. பிராமணருக்குத் தனியிடம், மற்றவர்க்கு வேறிடம். தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்டோர்க்கு உள்ளே இடமே இல்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூட இவ்வழக்கம் 1940களின் தொடக்கம் வரையில் நீடித்தது. உணவு விடுதிப் பலகையில் 'பிராமணாள்' என்று எழுதியிருந்ததை எதிர்த்து, 1957இல் பெரியார் ஈ. வெ. ரா. சென்னையில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. ஒரு குவளைக் காப்பியைக்கொண்டு மனிதனை மேல் என்றும் கீழ் என்றும் அளந்த சமுதாயம் அது. அவ்வளவுகோலின் ஒரு துண்டு கப்பலேறி இங்கும் வந்து சேர்ந்தது. பசும்பாலின் இடத்தில் டின் பால் அமர்ந்தது, அவ்வளவே வேற்றுமை.

இனிப் பால் காப்பிக்குச் செய்வது யாதெனக் காண்போம். அது கசப்பைத் தணிக்கிறது, உண்மைதான். ஆனால் பாலிலுள்ள கொழுப்பு, மணப்பொருள்களைத் தன்னிடத்தே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகையால் நுண்ணிய மணங்கள் நம் மூக்குக்கு எட்டுவதில்லை. அன்றியும், ஆசிய மக்களுள் மிகப் பலருக்கு வயது ஏறிய பின் பாலிலுள்ள சர்க்கரை எளிதிற் செரிப்பதில்லை. கௌரவத்துக்காகப் பால் ஊற்றிக் குடித்து, வயிற்றுப் பொருமலால் வருந்துவோர் நம்மில் உண்டு.

காப்பியின் நுண்மணம் எத்தகையது? காப்பிச் செடி நம் பழைய இலக்கியம் அறிந்த வெட்சியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மழை பெய்த சில நாட்களில் அதன் கிளையெல்லாம் வெண்மையாய்ப் பூக்கும். மல்லிகை போல் மணக்கும். இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். அம்மணத்தின் சாயலை நல்ல கொட்டையிலும் உணரலாம். லைபீரிக்காவில் பூமணத்தோடு பலாப்பழ வாசனையும் சேர்ந்திருக்கும். கரியாகும் வரையில் வறுத்தால் இவையெல்லாம் அழிந்துபோகும், இளவறுப்பில் தங்கும்.

இம்மணத்தை வீட்டில் பெருக்கிக்கொள்ளும் வழியும் நமக்குப் புதியதன்று. புதிய மண்பானையில் பாதிரிப்பூவை இட்டால், அதன் மணம் தண்ணீருக்கும் ஏறும் என்பதை நாலடியார் உவமையாகவே எடுத்தாளுகிறது. கற்றோர் நட்பைப் பற்றிக் கூறவந்த அந்நூல், பூவின் மணத்தை நீருக்கு ஏற்றும் இல்லத்து வழக்கத்தையும் நமக்குக் காட்டிச் செல்கிறது. அதையே காப்பிக்குப் பயன்படுத்தலாம்.

மாலையில், வீட்டுத் தோட்டத்தில் மருந்து தெளிக்காமல் வளர்ந்த குண்டு மல்லிகை மொட்டுகள் பத்துப் பன்னிரண்டைப் பறித்துக் கழுவுக. கொதித்து ஆறிய நீர் ஏறத்தாழ 200 மில்லி எடுத்து, அதன்மேல் மொட்டுகளை மிதக்கவிட்டு மூடி வைக்க. மல்லிகை இரவில் மலருமாதலால் மணம் முழுதும் நீருக்கு இறங்கும். காலையில் பூவை நீக்கிவிடுக. நீரை அன்றே பயன்படுத்துக. பிறகு 20 கிராம் காப்பித் தூளில், கொதித்து இறக்கிய நீர் 150 மில்லி ஊற்றி, நான்கு நிமிஷம் ஊறவிட்டுத் துணிப் பையில் வடிக்க. இவ்வடிநீரில் பூநீர் 100 மில்லி கடைசியாகச் சேர்க்க. பூநீரைக் கொதிக்கவைத்தல் ஆகாது. மணம் ஆவியோடு போய்விடும். வேண்டுமளவு சர்க்கரை இடுக. இது இருவருக்குப் போதும்.

சில எச்சரிக்கைகளும் கூறவேண்டும். கடையில் விற்கும் பூச்சரத்தில் பூச்சிமருந்து இருக்கக்கூடுமாதலால் அதனைப் பயன்படுத்தலாகாது. அரளி முதலிய நஞ்சுப் பூக்களைக் கிட்டவும் கொண்டுவரலாகாது. மல்லிகை இல்லாதவர் பன்னீர் சில துளி விடலாம். ஆனால் கல்யாண வீட்டில் தெளிக்கும் பன்னீர் வேறு, உண்பதற்கென்று விற்கும் பன்னீர் வேறு. இன்னுமொன்று: இந்நாட்டுக் கடைத்தூள் பலவற்றைச் சர்க்கரையும் வெண்ணெய் அல்லது மார்ஜரினும் சேர்த்து வறுப்பது வழக்கம். பாலை அறவே நீக்க விரும்புவோர் உறையைப் படித்து, கலப்பில்லாத கொட்டையை வாங்குக. பால் போன்ற குழைவு வேண்டுமென்பார் தேங்காயின் இரண்டாம் பாலைச் சூடாக்கி, கொதிக்கவிடாமல், சிறிது கலந்துகொள்ளலாம். அப்போது பூமணம் சற்றுக் குறையும். தேங்காய் மணம் கூடும்.

இதில் செலவு மிகுதியில்லை. வேண்டுவது ஒரு மல்லிகைச் செடி, நல்ல காப்பிக்கொட்டை, சிறிது பொறுமை. ஆனால் இதனால் விளையும் நன்மை நாவோடு நிற்பதன்று. இலங்கைக் காட்டில் காப்பி பறித்தவர்களும் ஜொகூர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்களும் நம்முடைய முன்னோர். அவர்கள் குடித்த கருங்காப்பியை நாம் வெட்கத்தோடு மறைப்பது அவர்களையே மறைப்பதாகும். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல இடிந்தன. வெட்கம் மட்டும் ஏன் இடியாமல் நிற்கவேண்டும்?

அடுத்த முறை விருந்தினர் வந்தால், சிறுவனைப் பின்வாசல் வழியே அனுப்ப வேண்டாம். முன்வாசலிலேயே குவளையைக் கொடுத்து, "இது வரக்கோப்பி, எங்கள் வீட்டு மல்லிகை மணத்தது" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். மானமுள்ள விருந்துக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டுவதில்லை.