மன்னார்த் தீவின் கனிய மணல்

மன்னார்த் தீவின் கரையோரத்திலும் உட்புற மணற்பரப்பிலும் இல்மனைட் முதலான பாரமான கனிமங்கள் கலந்த மணல் படிந்துள்ளது. இலங்கையில் இதைக் கனிய மணல் என்பர். இல்மனைட் இரும்பும் டைட்டானியமும் ஒட்சிசனும் சேர்ந்த கருநிறக் கனிமம். அதனுடன் ரூட்டைல், சிர்கோன் ஆகியனவும் உண்டு. தொல்பாறைகள் சிதைந்து ஆறுகள் வழியே கடலுக்கு வந்த மணலை அலையும் காற்றும் காலங்காலமாகப் புடைக்க, பாரம் கூடிய மணிகள் கரையில் ஒதுங்கின.

பெயின்ற், பிளாஸ்ரிக், கடதாசி ஆகியவற்றுக்கு வெண்மை தரும் டைட்டானியம் ஈரொட்சைட்டுக்கு இல்மனைட்டே முதன்மையான மூலப்பொருள். நிலக்கரியுடன் மின் உலையில் உருக்கினால் டைட்டானியம் செறிந்த கசடும், கூடவே இரும்பும் கிடைக்கும்.

நாட்டில் இத்தொழிலின் மூத்த இடம் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை. 1957இல் நிறுவப்பட்ட அரச கூட்டுத்தாபனத்தின் வழிவந்த லங்கா மினரல் சான்ட்ஸ் நிறுவனம் அங்கு மணல் அகழ்கிறது. புல்மோட்டைக் கரைமணலில் பாதிக்கு மேல் கனிமமே. மன்னாரின் நிலை வேறு. அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவான டைட்டானியம் சான்ட்ஸ் நிறுவனம் முதலில் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலுள்ள மணலையும், பின்னர் அதற்குக் கீழுள்ளதையும் துளையிட்டு ஆராய்ந்தது. 2020இல் அது வெளியிட்ட மதிப்பீடு 26 கோடித் தொன்னுக்கு மேற்பட்ட மணல். அதில் பாரக் கனிமம் 4 வீதத்துக்குச் சற்று அதிகம். நூறு தொன் மணலைக் கிளறினால் ஏறத்தாழ நாலு தொன் கனிமமே தேறும். ஆகவே இங்கு அகழ்வு என்றால் பரந்த நிலத்தைப் புரட்டுவதாகவே அமையும்.

நீர்மட்டத்துக்குக் கீழே போவதுதான் இவ்விடயத்தின் மையச் சிக்கல். தீவில் ஆறில்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கிறது. பேசாலை, தலைமன்னார்ப் பக்கத்துக் கிணறுகள் அதைத்தான் நம்பியுள்ளன. இத்தகைய படையில் நன்னீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியற் கணக்கு. மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் உப்புநீர் பல மடங்கு மேலேறும். கனிமத்தைச் சுமக்கும் மணலே நன்னீரையும் தாங்குவதால், குழியை மீள நிரப்புவதாகச் சொல்வது மட்டும் போதாது. நீர்ப்படை பழையபடி அமையுமா என்பது காட்டப்பட வேண்டும். தாழ்ந்த இத்தீவில் கடல் உட்புகும் அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

கனிமங்கள் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின்கீழ் வருகின்றன. ஆய்வு உரிமம் அகழ்வு உரிமமாகாது; அகழ்வுக்குத் தனி அனுமதியும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் நடைமுறைப்படியான சுற்றாடல் தாக்க மதிப்பீடும் தேவை. இவற்றுக்கான களப்பணிகளை ஊர்மக்கள் மறித்து நின்றுள்ளனர். மீனவர்கள், மதகுருமார், பொது அமைப்புகள் சேர்ந்து நடத்திய 2025 ஓகஸ்ட் போராட்டத்தில், தீவின் காற்றாலை மின்திட்ட விரிவாக்கத்தையும் கனிய மணல் அகழ்வையும் கைவிடுமாறு கோரப்பட்டது.