வளைகுடாவில் ராக் இசை: விசாவில் வந்த கலை

2025ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டனின் கோல்ட்பிளே இசைக்குழு அபுதாபியில் நான்கு நிகழ்ச்சிகளை நடத்தியது. அதே மாதத்தில் மும்பையிலும் அகமதாபாதிலுமாக ஐந்து நிகழ்ச்சிகள். வளைகுடாவில் ராக் இசைக்கு என்ன இடம் என்று கேட்டால், பலரும் முதலில் சுட்டிக்காட்டுவது இத்தகைய பிரம்மாண்ட மேடைகளைத்தான். ஆனால் இந்த மேடைகள் எழுவதற்கு வெகு காலம் முன்பே அங்கு கிட்டார்கள் ஒலிக்கத் தொடங்கிவிட்டன. ஐக்கிய அரபு எமிரேட்ஸைப் பொறுத்தவரை, அவற்றை மீட்டியவர்களில் பலர் அந்நாட்டின் குடிமக்கள் அல்லர். பிழைப்புக்காக அங்கு வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

ஒலிநாடாக்களின் காலம்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையும், வெள்ளையின கிராமப்புற மக்களின் கண்ட்ரி இசையும் கலந்து ராக் அண்ட் ரோல் உருவானது 1950களின் நடுப்பகுதியில். அதே காலத்தில் சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அராம்கோ எண்ணெய் நிறுவனத்தின் அமெரிக்க ஊழியர்கள் தனிக் குடியிருப்புகளில் வாழ்ந்து வந்தனர். மேற்கத்திய இசை அந்த வேலிகளுக்குள் ஒலித்தது. வெளியே கெய்ரோ வானொலியும் உம் குல்தூமின் குரலும் கோலோச்சின.

1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்த பிறகு நிலைமை மாறியது. கட்டுமானப் பணிகளுக்காகத் தெற்காசியாவிலிருந்து லட்சக்கணக்கானோர் வளைகுடாவுக்குச் சென்றனர். விடுமுறையில் ஊர் திரும்பிய அவர்களில் பலர் கையோடு கொண்டுவந்தது, வானொலியும் ஒலிநாடாக் கருவியும் இணைந்த டூ-இன்-ஒன். இந்தியாவில் ஒலிநாடாக் கலாசாரம் பரவ இது ஒரு முக்கியக் காரணம் என்று இசை ஆய்வாளர்கள் கருதுகின்றனர். வளைகுடாக் கடைகளிலோ மலிவான நகல் ஒலிநாடாக்கள் தாராளமாகக் கிடைத்தன. எமிரேட்ஸில் பதிப்புரிமைச் சட்டம் வந்ததே 1992இல்தான். பதிப்புரிமை பெற்றவர்களுக்கு அது இழப்பு. ஆனால் தந்தையின் சிறிய அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த சிறுவர்களுக்கு அந்த நகல்களே இசைப்பள்ளி.

வளைகுடாவில் மண்ணின் மைந்தர்கள் அமைத்த ராக் குழுக்களில் முன்னோடியாகக் குறிப்பிடத்தக்கது பஹ்ரைனின் ஒசைரிஸ். சகோதரர்கள் இருவர் தொடங்கிய இக்குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1982இல் வெளியானது. நீண்ட, சிக்கலான அமைப்புடைய புரோகிரசிவ் ராக் அவர்களுடைய பாணி. இங்கிலாந்தில் அந்தப் பாணியின் பொற்காலம் 1970களிலேயே முடிந்து, அதனை எதிர்த்து எழுந்த பங்க் அலையும் ஓய்ந்துகொண்டிருந்தது. மனாமாவில் இருந்த இளைஞர்களுக்கு அது ஒரு பொருட்டாக இருக்கவில்லை. வெளியூரிலிருந்து வரும் இசை தாமதமாகத்தான் வரும். வந்த இடத்தில் அதற்குப் புதிய ஆயுளும் கிடைக்கும்.

துபாயின் பத்தாண்டு

எமிரேட்ஸின் மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டினர். அங்கு ஒரு ராக் குழு எப்படி உருவாகிறது, ஏன் கலைகிறது என்பதை இசை ரசனையைக் காட்டிலும் குடிவரவு விதிகளே அதிகம் தீர்மானித்தன எனலாம். மகன்களுக்குத் தந்தையின் பொறுப்பில் விசா கிடைத்தது பொதுவாக 18 வயது வரைதான். பிறகு மேற்படிப்புக்கோ வேலைக்கோ வழி தேட வேண்டும். பள்ளி முடிந்ததும் டிரம்ஸ் வாசிப்பவர் கனடாவுக்கும், பாடகர் சென்னைக்கோ பெய்ரூட்டுக்கோ போய்விட்டால் குழு அத்தோடு முடிந்தது. எஞ்சியவர்களுக்கும் மேடை எளிதில் கிடைப்பதில்லை. நேரடி நிகழ்ச்சிகளுக்கு அரசு அனுமதி வேண்டும். மதுக்கூடங்களில் வாசிக்கலாம் என்றால், 21 வயது நிரம்பாத ரசிகர்கள் உள்ளே நுழைய முடியாது.

இந்தத் தடைகளைத் தாண்டி நிலைத்த குழு, துபாயில் 1999ஆம் ஆண்டளவில் உருவான நெர்வ்செல். டெத் மெட்டல் என்ற கடுமையான பாணியைச் சேர்ந்த இக்குழுவின் முதல் முழு இசைத்தொகுப்பு வெளிவர 2008 வரை ஆயிற்று. 2011இல் வந்த அடுத்த தொகுப்பை ஜெர்மானிய நிறுவனம் ஒன்று வெளியிட்டது.

2004 முதல் 2009 வரை நடைபெற்ற துபாய் டெசர்ட் ராக் விழா இந்த வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அதற்குப் பொருளாதாரக் காரணங்களும் இருந்தன. இணையத்தில் பாடல்களை இலவசமாக இறக்கிக்கொள்ளும் பழக்கத்தால் குறுந்தகடு விற்பனை சரிந்து, இசைக்குழுக்கள் வருவாய்க்கு மேடை நிகழ்ச்சிகளையே நம்பத் தொடங்கிய காலம் அது. எண்ணெய் விலை ஏறுமுகத்தில் இருந்தது. துபாயோ சுற்றுலாவில் பெரும் முதலீடு செய்துகொண்டிருந்தது. 2007 மார்ச்சில் அங்கு வாசித்த பிரிட்டனின் அயர்ன் மெய்டன், அதே மாதம் 17ஆம் தேதி பெங்களூரிலும் மேடையேறியது. 2011 அக்டோபரில் அபுதாபியில் வாசித்த அமெரிக்காவின் மெட்டாலிகா, அடுத்த சில நாட்களில் பெங்களூர் வந்தது. இடையில் டெல்லி அருகே குர்காவ்னில் நடக்கவிருந்த நிகழ்ச்சி, கூட்டம் தடுப்புகளை உடைத்ததால் ரத்தானது. பாரசீக வளைகுடாவும் இந்தியாவும் ஒரே பயணத் தடத்தில் இணைந்தது இவ்வாறுதான்.

உலகப் பொருளாதார நெருக்கடி துபாயின் நிலச் சந்தையை உலுக்கிய 2009ஆம் ஆண்டோடு டெசர்ட் ராக் விழா நின்றுபோனது. பெரிய மேடைகள் அபுதாபியின் யாஸ் தீவுக்கு நகர்ந்தன. 2014இல் ரோலிங் ஸ்டோன்ஸும் பிளாக் சபாத்தும் அங்கு வாசித்தன. ஆனால் டெசர்ட் ராக் விழாவில் பெரும் குழுக்களுக்கு முன் உள்ளூர்க் குழுக்களும் வாசிக்க முடிந்தது. ஒற்றை நட்சத்திரத்தை நம்பிய பின்னாளைய நிகழ்ச்சிகளில் அந்த வாய்ப்பு சுருங்கியது.

மூடிய கதவும் திறந்த மேடையும்

சவுதி அரேபியாவின் கதை இன்னும் கூர்மையானது. 2008இல் ஜெத்தாவில் கல்லூரி மாணவிகள் அமைத்த தி அக்கலேட் என்ற குழுவின் பாடல் இணையத்தில் பரவியது. ஆனால் பொது மேடையில் வாசிக்க அவர்களுக்கு வழியில்லை. அதே ஆண்டில் தோன்றிய அல் நம்ரூத் என்ற பிளாக் மெட்டல் குழு, மத நிந்தனைக் குற்றச்சாட்டுக்கு அஞ்சி உறுப்பினர்களின் உண்மைப் பெயர்களை மறைத்தே தொகுப்புகளை வெளிநாட்டில் வெளியிட்டு வந்தது.

2016இல் மதக் காவலர்களின் கைது அதிகாரம் பறிக்கப்பட்டது. அதே ஆண்டில் பொழுதுபோக்குக்கென அரசு ஆணையம் ஒன்றும் அமைந்தது. 2023 டிசம்பரில் மெட்டாலிகா ரியாத் அருகே வாசித்தது. இன்று சீரா என்ற பெண்கள் ராக் குழு வெளிப்படையாக மேடையேறுகிறது. எனினும் கருத்துரிமை கோருவோர் சிறையில் அடைக்கப்படும் நாட்டில், இம்மேடைகள் நற்பெயர் தேடும் முயற்சியே என்று மனித உரிமை அமைப்புகள் விமர்சிக்கின்றன. கேள்வி கேட்கும் மனப்பான்மையில் பிறந்த இசை, கேள்வி கேட்பதைத் தவிர மற்ற அனைத்துக்கும் அங்கு அனுமதி பெற்றிருக்கிறது என்பதுதான் இதிலுள்ள முரண்.

அரசு ஆதரவு எந்த இசையைத் தேடிச் செல்கிறது என்பதற்கு துபாயில் ஓர் உதாரணம் உண்டு. இளமையில் சென்னை ராக் குழுவில் கீபோர்டு வாசித்த ஏ.ஆர். ரகுமானின் வழிகாட்டலில், 2021இல் எக்ஸ்போ கண்காட்சிக்காக அங்கு உருவாக்கப்பட்டது பெண்கள் மட்டுமே கொண்ட ஃபிர்தவ்ஸ் வாத்தியக்குழு. அது ராக் குழு அல்ல, சிம்பொனி அமைப்பு. மின்சார கிட்டாருடன் ஒத்திகை பார்க்கும் இளைஞர்களோ அல் கூஸ் தொழிற்பேட்டையின் கிடங்குகள் போன்ற இடங்களைத்தான் நாட வேண்டியிருந்தது.

விதிகளில் சில தளர்வுகளும் வந்துள்ளன. கலைஞர்களுக்கு நீண்ட கால விசா வழங்கும் திட்டத்தை துபாய் 2019இல் அறிவித்தது. 2022 அக்டோபரில் எமிரேட்ஸ் அரசு, பெற்றோர் பொறுப்பில் மகன்கள் தங்கியிருக்கக்கூடிய வயது வரம்பை 25 ஆக உயர்த்தியது. பள்ளியில் தொடங்கிய ஒரு குழு கல்லூரி முடியும் வரையாவது சேர்ந்து வாசிக்க இப்போது சட்டப்படி இடமுண்டு.