பழைய வண்டிக்குப் புதிய இருக்கை

பழைய அம்பாசடர் காரில் நீங்கள் பயணம் செய்ததுண்டா? அதன் முன்புறத்தில் இருந்தவை இரண்டு தனி இருக்கைகள் அல்ல. நீண்ட ஒரே பெஞ்சு இருக்கை. கியர் மாற்றும் கோலும் ஸ்டீயரிங் தண்டிலேயே அமைந்திருந்ததால், ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருவர் அமர முடிந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, 1950களின் இறுதியில் உத்தரபாராவில் உருவாகத் தொடங்கிய இவ்வண்டியின் உற்பத்தி 2014இல் நின்றுபோயிற்று. எனினும் அதைப் பேணி வைத்திருப்போர் இன்றும் உளர். அவர்களுள் சிலர் பெஞ்சைக் கழற்றிவிட்டு, வேறொரு புதிய காரின் ‘பக்கெட் சீட்’டுகளைப் பொருத்திக்கொள்கிறார்கள். நான்கு போல்ட்டுகளை முடுக்கினால் தீர்ந்துவிடும் வேலை என்றே தோன்றும். உண்மை அதுதானா? இருக்கையின் வரலாறு இதற்கு விடை கூறும்.

மெத்தையாக இருந்த காலம்

முதல் மோட்டார் வண்டிகளின் இருக்கைகள் குதிரை வண்டிகளிலிருந்து வந்தவை. சுருள்வில், குதிரை மயிர், மேலே தோல் உறை: இவ்வளவுதான். 1937இல் ஜெர்மானிய வேதியியலார் ஓட்டோ பேயர் கண்டறிந்த பாலியூரிதேன், பிற்காலத்தில் நுரை மெத்தையாகி வில்லின் இடத்தைப் பிடித்தது. ஆனால் அதுவரை இருக்கையிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒன்றே ஒன்று: உட்கார்ந்தவருக்கு நோகக் கூடாது.

இக்கருத்தை மாற்றியது விமானத்துறை. 1954 டிசம்பர் 10 அன்று அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், ராக்கெட் பொருத்திய சறுக்கு வண்டியில் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சென்று, ஒன்றரை நொடிக்கும் குறைவான நேரத்தில் நின்றார். புவியீர்ப்பைப்போல் நாற்பது மடங்குக்கு மேற்பட்ட விசை அவர் உடலைத் தாக்கியது. ஆயினும் அவர் உயிர் பிழைத்தார். காரணம், அவர் உடல் இருக்கையோடும், இருக்கை வண்டியோடும் உறுதியாகப் பிணைக்கப்பட்டிருந்ததே.

1959இல் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் மூன்று முனைப் பாதுகாப்பு வாரை அளித்தார். அவரும் முன்னர் விமானங்களிலிருந்து வெளியே தூக்கியெறியும் இருக்கைகளை வடிவமைத்தவர்தாம்! பின்னர் அமெரிக்காவில் விதிகள் பிறந்தன. தன் எடையைப்போல் 20 மடங்கு விசையை இருக்கை தாங்க வேண்டும் என்ற விதி 1968இல் நடைமுறைக்கு வந்தது. 1969 முதல் தலைத் தாங்கியும் கட்டாயமாயிற்று. பின்னாலிருந்து மோதப்படும்போது, தாங்கி இல்லாத கழுத்து சாட்டைபோல் வளைந்துவிடும். இந்தியாவில் முன் இருக்கைகளுக்கு வார் பொருத்தி விற்க வேண்டும் என்ற விதி 1994இல்தான் வந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்குச் சுமார் 14 மீட்டர். மோதலில் வண்டி பத்தில் ஒரு நொடியில் நிற்பதாகக் கொள்வோம். அப்போது ஏற்படும் எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 14 மடங்கு. அதாவது, 20 கிலோ இருக்கை 280 கிலோ பொருளைப்போல் தன் போல்ட்டுகளை இழுக்கும். பல புதிய கார்களில் வாரின் கொக்கி இருக்கையிலேயே பொருத்தப்பட்டுள்ளது. ஆகவே 70 கிலோ மனிதரின் சுமையிலும் ஒரு பகுதி இருக்கையின் வழியே தரைக்குச் செல்லும். அவருடைய முழுச் சுமை ஏறத்தாழ ஒரு டன்! இருக்கை முன்னோக்கிக் கவிழ முயல்வதால், பின்புற போல்ட்டுகள் தரையிலிருந்து பிடுங்கப்படுகின்றன.

புதிய காரில் இந்த இழுவைக்கென்றே வலுவூட்டிய தரை இருந்தது. இருக்கையை நாம் கொண்டுவந்துவிட்டோம். அந்தத் தரையைக் கொண்டுவரவில்லை. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ள, விரிப்புக்கு அடியில் துருவும் ஏறியிருக்கக்கூடிய தகட்டில் துளையிட்டு வாஷர் போட்டு முடுக்கினால், மோதலின்போது போல்ட் அறுவதில்லை, தகடு கிழிந்துவிடும்.

பொருத்தும் முறை

மெல்லிய துணியில் பொத்தான் தைக்கும் தையற்காரர் என்ன செய்கிறார்? உட்புறம் ஒரு துண்டுத் துணியை வைத்துத் தைக்கிறார். இங்கும் அதே தத்துவம்தான். தரைக்கு அடியில் அகன்ற, தடித்த எஃகுத் தகட்டை வைத்தால், விசை பரந்த இடத்தில் பகிர்ந்துவிடும். அடிச்சட்டத்தின் குறுக்கு விட்டங்களோடு இருக்கையின் தாங்கிகளை இணைப்பது இன்னும் நன்று. துரு ஏறிய பகுதியை முதலில் வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும்.

உயரத்தையும் கவனியுங்கள். இருக்கை உயர்ந்தால் தலை கூரைக்கு நெருங்கும். தாழ்ந்தால் சாலை மறையும். தோளுக்கு மேல் செல்லும் வாரின் கோணமும் மாறிவிடும். 1990களின் நடுவிலிருந்து சில கார்களின் இருக்கைச் சாய்மானத்துக்குள் பக்கவாட்டுக் காற்றுப் பை உண்டு. மோதலை அறிந்து ஆணையிடும் கருவி இல்லாத பழைய வண்டியில் அது பாதுகாப்புத் தராது. தவறாகக் கையாண்டால் வெடித்துக் காயப்படுத்தவும் கூடும்.

ஆகவே, பழைய காருக்கு இருக்கை தேடுவோர் மெத்தையை மட்டும் அழுத்திப் பார்த்தால் போதாது. குனிந்து, வண்டியின் தரையையும் தட்டிப் பார்க்க வேண்டும். ஏனெனில் இருக்கையின் வலிமை, அது நிற்கும் தகட்டின் வலிமையே ஆகும்.