வலிக்கு ஒரு ஒட்டு

நெய்யூர் என்றால் எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு ஆஸ்பத்திரி என்றே அர்த்தம். லண்டன் மிஷன் 1838-இல் இங்கே மருத்துவப் பணியைத் தொடங்கியபோது இது திருவிதாங்கூர். எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சாமர்வெல் 1920-களில் இங்கே பணிக்கு வந்தார். வெற்றிலையும் புகையிலையும் மென்று வாய்ப்புற்று கண்டவர்கள் அவரிடம் ஏராளமாக வந்தார்கள். கட்டியை அறுக்கலாம். அறுத்தும் தீராத வலியை என்ன செய்வது?

என் மூத்த மைனிக்கும் புற்றுநோய்தான். கடைசி மாதங்களில் மாத்திரை இறங்கவில்லை. டாக்டர் ஃபென்டனில் பேட்ச் எழுதினார். மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றும் சிறு ஒட்டு. அதை ஒட்டிய பிறகுதான் மைனி ராத்திரி தூங்கினாள். அந்த ஒட்டின் கதையைத் தேடிப் படித்தேன்.

கதை ரப்பரில் தொடங்குகிறது. நம் மலையோரத்தில் வெட்டுகிற அதே ரப்பர் பால். 1845-இல் அமெரிக்காவில் ஷெகட், டே என்ற இருவர் ரப்பர் சேர்த்த பிளாஸ்திரிக்குக் காப்புரிமை பெற்றார்கள். வெறும் ரப்பர் அவ்வளவாக ஒட்டாது. பிசின் சேர்க்க வேண்டும். அப்போது அது பாதி திரவம், பாதி திடம். விரலால் அமுக்கினால் தோலின் மேடுபள்ளங்களில் மெல்லப் பரவிப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் கூடவே வந்துவிடும். தண்ணீரோ சூடோ வேண்டாம். பிற்பாடு தோல் புண்ணாகாமலிருக்கத் துத்தநாக ஆக்சைடு கலந்தார்கள்.

பசை மருந்தையும் சுமக்கும். பயண வாந்திக்கான ஸ்கோபாலமின் ஒட்டுக்கு 1979-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஃபென்டனில் ஒட்டு 1990-இல் வந்தது. இப்போது பெரும்பாலும் அக்ரிலிக், சிலிக்கான் பசைகள். பல ஒட்டுகளில் மருந்து பசைக்குள்ளேயே கரைந்திருக்கிறது. அதனால் ஓரம் பெயர்ந்தால் அவ்வளவு மருந்து குறையும். நம் ஊர் வியர்வைக்கு இது சின்ன விஷயமல்ல. ஒட்டுமுன் இடத்தை வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, உள்ளங்கையால் அரை நிமிடம் அமுக்க வேண்டும். எண்ணெயும் பவுடரும் கூடாது. ஒட்டின்மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே கூடாது. சூட்டில் மருந்து அதிகமாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

கழற்றிய ஒட்டிலும் மருந்து மிச்சமிருக்கும். பிள்ளைகள் எடுத்து ஒட்டிக்கொண்டால் மூச்சே நின்றுபோகலாம். பசைப்பக்கம் உள்ளே வரும்படி மடித்து, யார் கைக்கும் எட்டாமல் வைத்து, அப்புறப்படுத்தும் வழியை ஆஸ்பத்திரியில் கேட்டுச் செய்யுங்கள். வீட்டில் நோயாளி வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதினேன்.